சந்தனப் பொட்டும் சோதனைச் சீட்டும்

நாக்ஸ்பேட்டை என்று முன்பு அழைக்கப்பட்ட குடியிருப்புக்கு, அன்றைய பெங்களூர் சிவில் அண்டு மிலிட்டரி ஸ்டேஷனின் பொறியாளர் மர்பியின் பெயர் பிறகு வந்து சேர்ந்தது. அல்சூருக்கும் இந்திரா நகருக்கும் இடைப்பட்ட மர்பி டவுன், தமிழ்க் குடும்பங்கள் நிறைந்த உழைப்பாளர் பகுதி. பொறியாளரின் பெயரைச் சூடிய ஊரில் கருவிகளைப் பற்றிப் பேசுவது பொருத்தமே. பேசுவதற்கு இரண்டு வழக்கங்கள் அங்கே அருகருகே கிடைக்கின்றன. ஒன்று, நவராத்திரியின் ஒன்பதாம் நாள் ஆட்டோ ஸ்டாண்டிலும் மெக்கானிக் ஷெட்டிலும் காய்கறிக் கடைத் தராசிலும் நடக்கும் ஆயுத பூஜை. மற்றொன்று, இந்திரா நகரின் சர் சி.வி. ராமன் பொது மருத்துவமனை முதல் சிவாஜி நகரின் பௌரிங் வரை சுற்றுவட்டார மருத்துவமனைகளுக்கெல்லாம் பொதுவான கடமை: கருவி பழுதாகும் முன்பே அதைத் திறந்து, துடைத்து, அளந்து வைக்கும் முன்தடுப்புப் பராமரிப்பு. பயோமெடிக்கல் பிரிவில் அதைச் சுருக்கமாக ‘பிஎம்’ என்பார்கள்.

முதல் பார்வையில் இரண்டுக்கும் ஒட்டுறவே இல்லை. அங்கே மஞ்சள், குங்குமம், வாழைக்கன்று, பொரிகடலை, திருஷ்டிப் பூசணி. இங்கே அனலைசர், மல்டிமீட்டர், சோதனைப் படிவம், ஸ்டிக்கர். பூஜை கருவியை வணங்குகிறது. பிஎம் கருவியைச் சந்தேகிக்கிறது. ஆனாலும் இரண்டும் பதில் சொல்ல வந்த கேள்வி ஒன்றே: நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் ஒன்றை எதற்காக நிறுத்திப் பார்க்க வேண்டும்? பழுதானதைக் கவனிக்க யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அதன் கூச்சலே போதும். பழுதாகாததன் பக்கம் கண்ணைத் திருப்பத்தான் ஒரு ஏற்பாடு தேவைப்படுகிறது. தெரு அதைப் பண்டிகையாக அமைத்துக்கொண்டது. மருத்துவமனை அதை அட்டவணையாக அமைத்துக்கொண்டது.

இரண்டுக்கும் அச்சாணி நாள்தான். பஞ்சாங்கம் நவமி என்று சொல்லிவிட்டால், போன வாரம் வாங்கிய ஆட்டோவுக்கும் பூஜை உண்டு, இருபது வருடம் உழைத்த லேத்துக்கும் உண்டு. அட்டவணை ஆறு மாதம் என்று சொல்லிவிட்டால், தீவிர சிகிச்சைப் பிரிவில் ஓயாமல் ஓடிய இன்ஃப்யூஷன் பம்புக்கும் சோதனை உண்டு, அலமாரியில் சும்மா கிடந்த பம்புக்கும் உண்டு. ஓடிய மணிநேரத்தைக் கணக்கிட்டுச் சர்வீஸ் செய்யும் வெண்டிலேட்டர் போன்ற சிலவற்றைத் தவிர, கருவி எவ்வளவு உழைத்தது என்று இரண்டுமே கேட்பதில்லை. நாட்காட்டியின் பலமும் அதுவே. யாருடைய ஞாபகத்தையும் நல்லெண்ணத்தையும் அது நம்பியிருப்பதில்லை. “இன்றைக்கு வேலை அதிகம், நாளைக்குப் பார்க்கலாம்” என்ற பேச்சு நவமியன்று எடுபடாது. தேதி தாண்டிய பிஎம் பட்டியலோடு தணிக்கைக்கு உட்காருபவருக்கும் அந்தப் பேச்சு உதவாது.

ஆயுத பூஜையின் பழைய வரலாறு பட்டறையைவிடப் படையோடு நெருக்கமானது. 1520-ஐ ஒட்டி விஜயநகரத்தைப் பார்த்த போர்ச்சுகீசியர் டோமிங்கோ பாயஸ், மகாநவமி நாட்களில் குதிரைகளும் யானைகளும் அரசன் முன் கொண்டுவரப்படுவதையும், விழாவின் முடிவில் அரசன் தன் படையைப் பார்வையிடுவதையும் விரிவாக எழுதிவைத்திருக்கிறார். 1610-இல் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் ராஜ உடையார் தொடங்கிய தசரா அந்த மரபின் தொடர்ச்சி. பருவத்தையும் கவனிக்க வேண்டும். மழை ஓய்ந்து பாதைகள் காய்ந்து, படை கிளம்புவதற்கு முந்தைய வேளை அது. ஈரத்தில் துருவேறிய வாளையும் பூஞ்சை பிடித்த சேணத்தையும் வெளியே எடுத்துப் பார்க்க அதைவிட நல்ல நாள் கிடைக்காது. வழிபாடு எதுவரை, அணிவகுப்பு எதுவரை என்று அன்று யாரும் கோடு போட்டிருக்க மாட்டார்கள்.

மருத்துவமனைப் பராமரிப்பின் அண்மைக்கால இந்திய வரலாறும் ஓர் அணிவகுப்பில்தான் தொடங்குகிறது. தேசிய சுகாதார இயக்கம் 2015-இல் உயிர்மருத்துவக் கருவிகளுக்கான மேலாண்மை, பராமரிப்புத் திட்டத்தை அறிவித்தபோது, முதல் வேலை பழுதுபார்ப்பதாக இருக்கவில்லை, எண்ணுவதாக இருந்தது. 29 மாநிலங்களிலும் ஒன்றியப் பகுதிகளிலுமாக 29,115 அரசு நலவாழ்வு நிலையங்களில் 7,56,750 கருவிகள் பட்டியலுக்கு வந்தன. அவற்றின் மதிப்பு சுமார் 4,564 கோடி ரூபாய். மாநிலத்துக்கு மாநிலம் 13 முதல் 34 சதவீதம் வரை இயங்காமல் கிடந்ததும் அப்போதுதான் தெரிந்தது. பூஜையும் பராமரிப்பும் ஒரே செயலில் ஆரம்பிக்கின்றன: இருப்பதையெல்லாம் வெளியே கொண்டுவந்து வரிசையாக வை. எது இருக்கிறது என்று தெரியாத இடத்தில் எது கெட்டது என்று தெரிய வழியில்லை.

இரண்டின் உறவு எதிர்பாராத அளவுக்கு நெருங்குவது வன்னி மரத்தடியில். அஞ்ஞாதவாசம் போகும் பாண்டவர்கள் ஆயுதங்களை வன்னி மரத்தில் ஒளித்துவைத்து, காலம் முடிந்ததும் எடுத்துக்கொண்ட கதையை விஜயதசமியோடு சேர்த்துச் சொல்வது வழக்கம். மைசூர் தசரா ஊர்வலம், கன்னடத்தில் ‘பன்னி’ எனப்படும் அந்த மரத்தின் பெயர்கொண்ட பன்னி மண்டபம் நோக்கிப் போவதும் இதனால்தான். பராமரிப்புப் பொறியாளர் காதில் இந்தக் கதை வேறு விதமாக விழும். ஓராண்டு பயன்படாமல் தொங்கிய வில், எடுத்த கணத்தில் வேலை செய்ய வேண்டும். ஓடும் கருவி கெட்டால் உடனே தெரியும். காத்திருக்கும் கருவி கெட்டால் தேவைப்படும் நொடி வரை தெரியாது.

மருத்துவமனையின் வன்னி மரம், வார்டு மூலையில் நிற்கும் கிராஷ் கார்ட் என்ற அவசரச் சிகிச்சைத் தள்ளுவண்டி. அதன்மேல் இருக்கும், இதயத்துக்கு மின்னதிர்ச்சி தரும் டிஃபிப்ரிலேட்டர் மாதக்கணக்கில் யார் நெஞ்சிலும் வைக்கப்படாமல் இருக்கலாம். அதற்குள் பேட்டரி மெல்ல வலுவிழந்திருக்கலாம், பேடுகளின் காலாவதித் தேதி கடந்திருக்கலாம். அதனால்தான் அதை 50 ஓம் சுமையில் பாய்ச்சி, சொன்ன ஜூலும் வெளிவந்த ஜூலும் ஒத்துப்போகின்றனவா என்று அனலைசரில் பார்க்கிறார்கள். மாற்று மின்சாரத்துக்கான ஜெனரேட்டர், அவசர ஆக்சிஜன் சிலிண்டர் வரிசை, பேட்டரியில் ஓட வேண்டிய போக்குவரத்து வெண்டிலேட்டர் எல்லாம் இந்த இனமே. ஆயுத பூஜையிலும் இதே நடக்கிறது. அன்றாடம் கையில் இருக்கும் ஸ்பேனரோடு, வருடம் முழுக்கப் பெட்டியடியில் கிடந்த புல்லரும் வெளியே வந்து கழுவப்படுகிறது. பயன்படாததை ஒரு நாளாவது கையில் எடுக்கவைப்பதில் பூஜைக்கும் பிஎம்முக்கும் கருத்து வேறுபாடு இல்லை.

வேறுபாடு தொடங்குவது தரவரிசையில். பூஜைக்குத் தரவரிசை தெரியாது. லேத்துக்கும் எண்ணெய் டப்பாவுக்கும், தையல் மெஷினுக்கும் அரிவாள்மனைக்கும் பிள்ளைகளின் புத்தகத்துக்கும் ஒரே சந்தனம், ஒரே குங்குமம். விலையும் முக்கியத்துவமும் அன்று கணக்கில் வருவதில்லை.

மருத்துவமனைக்கு அந்தச் சமத்துவம் கட்டுப்படியாகாது. நூறு படுக்கை மருத்துவமனையில்கூட கருவிகள் பல நூறு. பயோமெடிக்கல் ஆட்களோ விரல்விட்டு எண்ணும் அளவே. எதை முதலில் பார்ப்பது என்பதற்கு 1989-இல் லாரி ஃபென்னிக்கோவும் பிரிஜிட் ஸ்மித்தும் ஒரு வழி சொன்னார்கள். கருவியின் பணிக்குப் பத்து வரை, அதனால் நேரக்கூடிய ஆபத்துக்கு ஐந்து வரை, அது கேட்கும் பராமரிப்புக்கு ஐந்து வரை மதிப்பெண். கூட்டுத்தொகை பன்னிரண்டைத் தொட்டால் அட்டவணையில் இடம், இல்லாவிட்டால் இல்லை. உயிர் காக்கும் வெண்டிலேட்டர் முன்வரிசைக்குப் போனது. உயரம் அளக்கும் கோல் வெளியே நின்றது.

இந்தத் தரவரிசையை அறிவு என்றும் சமத்துவத்தை அறியாமை என்றும் தள்ளிவிட முடியாதபடி ஓர் ஆய்வு குறுக்கிடுகிறது. டியூக் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய ராபர்ட் மால்கினின் குழு, வளம் குறைந்த 11 நாடுகளின் 60 மருத்துவமனைகளிலிருந்து வந்த 2,849 பழுதுக் கோரிக்கைகளை ஆராய்ந்தது. முடங்கிய கருவிகளில் 66 சதவீதத்தை மறுபடி ஓடவைக்க 107 அடிப்படைத் திறன்கள் போதும் என்று 2010-இல் தெரிவித்தது. மின்சார இணைப்பு, குழாய் அடைப்பு, மோட்டார், அடைந்துகிடக்கும் அழுக்கு, பயன்படுத்தத் தெரியாமை போன்ற எளிய விஷயங்களே அதில் பெரும்பங்கு. பெரிய கருவியைப் படுக்கவைப்பது பெரும்பாலும் அதன் சின்ன உறுப்பு. மானிட்டர் நன்றாக இருக்கும், அதன் கேபிள் முறிந்திருக்கும். சக்ஷன் மோட்டார் சுழலும், ஜாடி மூடியின் வாஷர் காற்று விடும். எண்ணெய் டப்பாவுக்கும் ஒரு பொட்டு வைக்கும் கண், மதிப்பெண் பட்டியலில் வராத அந்த வாஷரை ஒருவேளை பார்த்திருக்கும்.

அடுத்த வேறுபாடு கையைப் பற்றியது. ஆயுத பூஜையில் கருவியைத் துடைப்பவர், அதை அன்றாடம் ஓட்டுபவர். ஆட்டோவைக் கழுவ ஓட்டுநர் வேறொருவரைக் கூப்பிடுவதில்லை. கழுவும்போது டயரின் வெடிப்பு கண்ணில் படும், பிரேக் கேபிளின் பிசிறு கையில் குத்தும். சோதிக்க வேண்டும் என்று நினைக்காமலே சோதனை நடந்துவிடுகிறது. அன்று முதலாளி தொழிலாளியின் மேசைக்கு வருகிறார். போனஸும் இனிப்பும் அந்தத் திசையில் போகின்றன. கருவி யாருடைய சொத்து என்பதைவிட யாருடைய கைக்கு உரியது என்பது அன்று முன்னுக்கு வருகிறது.

பிஎம்மில் கருவியைப் பார்ப்பவர் வேறு, பயன்படுத்துபவர் வேறு. செவிலியர் ஓட்டுகிறார். ஏஎம்சி என்ற ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தமோ, உதிரிப்பாகமும் சேர்ந்த சிஎம்சி ஒப்பந்தமோ எடுத்த நிறுவனத்தின் ஆள் வந்து பார்க்கிறார். தேசியத் திட்டமும் பல மாநிலங்களில் தனியார் சேவையாளரிடம் பணியை ஒப்படைத்தது. கருவிகள் இயங்கும் நேரத்துக்கு இலக்கும் வைத்தது: மாவட்ட மருத்துவமனையில் 95 சதவீதம், சமுதாய நல மையத்தில் 90, ஆரம்ப சுகாதார நிலையத்தில் 80. இதனால் ஒரு நன்மை உண்டு. பொறுப்பு எழுத்தில் இருக்கிறது, தவறினால் கேட்கலாம். ஓர் இழப்பும் உண்டு. பம்பு கொஞ்ச நாளாகவே விநோதமாகச் சத்தமிடுவது இரவுப் பணிச் செவிலியருக்குத் தெரியும். அவர் வீட்டுக்குப் போன பிறகு பகலில் வரும் பொறியாளருக்கு அது தெரியாது. தெரிந்தவரும் பார்ப்பவரும் சந்திக்காமலே படிவம் நிரம்பிவிடுகிறது.

ஜப்பானியத் தொழிற்சாலைகள் இந்த இடைவெளியை வேறு வழியாக வந்து கண்டுகொண்டன. 1971-இல் நிப்பான்டென்சோ நிறுவனத்தில் உருப்பெற்று செய்இச்சி நகாஜிமாவின் நூல்களால் உலகமெங்கும் பரவிய முழுமைப் பராமரிப்பு முறை, இயந்திரத்தை ஓட்டுபவரையே முதல் பராமரிப்பாளராக ஆக்கியது. அதன் முதல் படி, ஓட்டுபவர் தன் இயந்திரத்தைத் தன் கையால் சுத்தம் செய்வது. துடைக்கும்போதுதான் தளர்ந்த போல்ட்டும் கசியும் எண்ணெயும் தெரியும் என்பது அதன் தர்க்கம். ஆலோசகர்கள் கட்டணம் வாங்கிக் கற்றுத்தரும் இந்தப் படி, மர்பி டவுன் மெக்கானிக் ஷெட்டில் நவமிக்கு முந்தைய மாலை யாரும் சொல்லாமலே நடக்கிறது. வருடத்துக்கு ஒரு முறைதான் நடக்கிறது என்பது வேறு விஷயம். ஜப்பானிய முறை அதைத் தினமும் கேட்கிறது. மயக்க மருந்து மருத்துவர் அன்றைய முதல் அறுவைக்கு முன் தன் இயந்திரத்தில் கசிவு பார்ப்பதும், ஆட்டோகிளேவ் பொறுப்பாளர் காலையில் முதல் சுமைக்கு முன், நீராவி சரியாக ஊடுருவுகிறதா என்று காட்டும் பௌவி-டிக் சோதனைத் தாளை வைத்து எடுப்பதும் அந்த வகை. மருத்துவமனையில் பயன்படுத்துபவரின் கை இன்னும் விலகாமல் இருக்கும் இடங்கள் இவை.

ஓய்வு விஷயத்தில் இரண்டும் நேரெதிராகப் பிரிகின்றன. பூஜையில் வைத்த கருவியை மறுநாள் விஜயதசமியன்று மீண்டும் எடுக்கும்வரை தொடக்கூடாது என்பது வழக்கம். கருவிக்கு முழுநாள் விடுமுறை. பராமரிப்பாளர் ஏங்குவது இதற்குத்தான். ‘மெஷினை எப்போது தருவீர்கள்?’ என்பது பயோமெடிக்கல் பிரிவு வார்டைப் பார்த்து ஓயாமல் கேட்கும் கேள்வி. வார்டு தர முடியாது; அதில் நோயாளி இருக்கிறார். ஆகவே மருத்துவமனையில் ஓய்வு என்பது மாற்றுக் கருவியின் எண்ணிக்கையாக மாறிவிடுகிறது. பத்து வெண்டிலேட்டர் தேவையென்றால் பதினொன்று வாங்கினால்தான் ஒன்றை நிறுத்திப் பார்க்க முடியும். தெருவுக்கு ஓய்வைத் தருவது நாள். மருத்துவமனைக்கு ஓய்வைத் தருவது பட்ஜெட். ஆயுத பூஜையன்று மருத்துவமனைகளில் ஆம்புலன்ஸுக்கு மாலையும் சக்கரத்தடியில் எலுமிச்சையும் வைப்பதைப் பார்க்கலாம். ஆனால் அந்த ஆம்புலன்ஸ் அழைப்பு வந்தால் அடுத்த நிமிடமே கிளம்பத்தான் வேண்டும்.

பூஜையால் கருவிக்குத் தீங்கும் நேரலாம். தொடுதிரையில் குழைத்த சந்தனம் நல்லதில்லை. காற்றுத் துளைகளில் குங்குமத் தூள் போனால் வடிகட்டி அடையும். கழுவுகிறேன் என்று மின்சாரப் பலகையில் நீர் ஊற்றினால் மறுநாள் விஜயதசமிக்குப் பதில் எலக்ட்ரீஷியன் வருவார். ஆக்சிஜன் ஓடும் அறையில் கற்பூரம் ஏற்றுவது விபத்தை அழைப்பது. அங்கே காற்றில் சாதாரணமாக எரிவதெல்லாம் வெறியோடு எரியும். தெருவில் உடைத்த பூசணியில் வழுக்கி இருசக்கர வண்டிக்காரர்கள் விழுவதும் பெங்களூர் அறிந்த கதைதான்.

பராமரிப்பாலும் கருவிக்குத் தீங்கு நேரும் என்பதுதான் பலரும் எதிர்பாராதது. இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் கடலோர விமானப் படையின் ஆய்வுப் பிரிவில் பணிபுரிந்த உயிரியலாளர் சி.எச். வாடிங்டன், லிபரேட்டர் விமானங்களின் பழுதுக் கணக்கைப் பார்த்து வியந்தார். ஐம்பது பறத்தல் மணிநேரத்துக்கு ஒருமுறை விமானத்தைத் திறந்து சோதித்தார்கள். பழுதுகள் சோதனைக்குச் சற்று முன்பு உயர்ந்திருக்க வேண்டும், சோதனைக்குப் பிறகு குறைந்திருக்க வேண்டும். நடந்தது தலைகீழ்: சோதனை முடிந்த கையோடு பழுது கூடியது, பிறகு மெல்லக் குறைந்தது. நன்றாக இருந்ததைத் திறந்து மூடியதில் ஏதோ தளர்ந்துபோயிருந்தது. 1973-இல் நூலாக வெளிவந்த அந்தக் கணக்கு மருத்துவமனைக்கும் பொருந்தும். சுத்தம் செய்யக் கழற்றிய கனெக்டர் சரியாக அமராமல் போகலாம், மாற்றிய ஓ-ரிங் முறுக்கிக்கொள்ளலாம். பக்தி மிகுந்த கை கருவிக்குள் தண்ணீர் விடுகிறது. அக்கறை மிகுந்த கை நல்ல திருகைத் தளர்த்துகிறது. அளவு மீறிய கவனத்தால் வரும் கேட்டில் இரண்டும் உடன்பிறப்புகள்.

வாடிங்டன் கண்டதை விமானத் துறை முழுக் கோட்பாடாக வளர்த்தது. 1940-இல் தொடங்கி, அந்தப் போரின்போதே நேச நாட்டு விமானங்களைப் பழுதுபார்த்த எச்ஏஎல் விமானத் தொழிற்சாலை மர்பி டவுனிலிருந்து சில கிலோமீட்டர் தொலைவில்தான் இருக்கிறது. ஆகவே இது அக்கம்பக்கத்துத் தொழிலின் பாடம். யுனைடெட் ஏர்லைன்ஸின் ஸ்டான்லி நோலனும் ஹோவர்ட் ஹீப்பும் 1978-இல் அமெரிக்கப் பாதுகாப்புத் துறைக்கு அளித்த அறிக்கை, விமானப் பாகங்களில் 89 சதவீதத்துக்கு ‘இத்தனை மணிநேரம் ஆனால் தேய்ந்துவிடும்’ என்ற தெளிவான வயதே கிடையாது என்றது. அவற்றின் பழுது எப்போது வேண்டுமானாலும் வரும், அல்லது புதிதாகப் பொருத்தியவுடன் அதிகமாக வரும். அப்படியானால் தேதி பார்த்துத் திறப்பதில் பெரும்பகுதி வீண்.

நாட்காட்டியின் அடித்தளமே இங்கே ஆடுகிறது. அமெரிக்காவில் அரசுக் காப்பீட்டை நிர்வகிக்கும் அமைப்பு 2013 டிசம்பரில் மருத்துவமனைகளுக்கு ஒரு வழி திறந்துவிட்டது. கருவியின் பழைய பதிவுகளை ஆராய்ந்து, தகுதியுள்ளவர் முடிவெடுத்தால், தயாரிப்பாளர் சொன்ன இடைவெளியைக் கூட்டவோ குறைக்கவோ செய்யலாம். படமெடுக்கும் கருவிகள், லேசர்கள், போதிய வரலாறு இல்லாத புதுக் கருவிகள் ஆகியவற்றுக்கு அந்தச் சலுகை கிடையாது. வயது உள்ளவை எவை என்பதும் தெளிவாகியது: வெண்டிலேட்டரின் ஆக்சிஜன் செல், பேட்டரிகள், வடிகட்டிகள், ஆட்டோகிளேவ் கதவின் கேஸ்கட். இவற்றைத் தேதி பார்த்து மாற்றத்தான் வேண்டும். மற்றவற்றுக்குத் திறப்பதைவிடக் கவனிப்பதே மேல்.

ஆயுத பூஜையை இந்த அதிர்ச்சி தொடவே இல்லை. காரணம் எளிது. பூஜை எந்த மெஷினையும் திறப்பதில்லை. வெளியே கொண்டுவருகிறது, துடைக்கிறது, பார்க்கிறது, வரிசையில் வைக்கிறது. நோலனும் ஹீப்பும் மிச்சம்விட்ட பணிகள் ஏறக்குறைய அவைதான்: கண்ணால் பார்ப்பது, சுத்தமாக வைப்பது, காத்திருப்பதை ஓட்டிப் பார்ப்பது. நவீனக் கோட்பாடு நாட்காட்டிப் பராமரிப்பின் நடுப்பகுதியை வெட்டியெடுத்தபோது, மிஞ்சிய ஓரங்கள் பூஜையின் சாயலில் இருந்தன.

ஆனால் துடைக்கும் கண்ணுக்கு ஓர் எல்லை உண்டு. அந்த எல்லையில் பூஜை நின்றுவிடுகிறது. டிஃபிப்ரிலேட்டர் 200 ஜூல் என்று காட்டிவிட்டு 150 பாய்ச்சினால் எந்தக் கண்ணுக்கும் தெரியாது. அனுமதித்த ஏற்ற இறக்கம் 15 சதவீதம் மட்டுமே. கருவியின் உடலைத் தொடும் கைக்குச் சாதாரண நிலையில் 100 மைக்ரோ ஆம்பியருக்கு மேல் மின்கசிவு போகக்கூடாது. அதைத் தோலால் உணர முடியாது, மீட்டர்தான் சொல்ல வேண்டும். எக்ஸ்ரே கருவி பளபளப்பாக இருந்துகொண்டே தவறான கதிர்வீச்சு அளவைக் கொடுக்கலாம். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை தரச் சோதனை வேண்டும் என்று இந்திய அணுசக்தி ஒழுங்குமுறை வாரியம் சொல்வது அதனால்தான். அழுக்கும் வெடிப்பும் தளர்வும் கண்ணின் ஆட்சி. ஜூலும் ஆம்பியரும் கதிர்வீச்சும் மீட்டரின் ஆட்சி. முதல் ஆட்சியில் பூஜை தேர்ந்தது, இரண்டாவதில் அதற்கு வாக்கே இல்லை.

வேலை முடிந்ததும் இரண்டும் ஒரு குறியிட்டுவிட்டுப் போகின்றன. பூஜை, சந்தனப் பொட்டும் அதன் நடுவே குங்குமமும். பிஎம், சோதித்த தேதியும் அடுத்த தேதியும் கையொப்பமும் கொண்ட ஸ்டிக்கர். இரண்டும் கருவியின் நெற்றியில், கடந்துபோகிறவர் கண்ணில் படும் இடத்தில் ஒட்டப்படுகின்றன. ‘இதை ஒருவர் கவனித்திருக்கிறார்’ என்பதே இரண்டும் சொல்லும் செய்தி. பொட்டு யார் கவனித்தார் என்று சொல்லாது, எப்போது காலாவதி என்றும் சொல்லாது. ஸ்டிக்கர் இரண்டையும் சொல்லும். ஸ்டிக்கரின் மேன்மை அங்கே இருக்கிறது. அதன் ஆபத்தும் அங்கேயே இருக்கிறது. பொட்டைப் பார்த்து மின்கசிவு இல்லை என்று எந்த மருத்துவரும் நம்பிவிட மாட்டார். ஸ்டிக்கரைப் பார்த்து நம்பிவிடுவார். சோதிக்காமல் ஒட்டிய ஸ்டிக்கர், பொட்டைவிடப் பொல்லாதது.

இனி எடை பார்க்கலாம். பயன்படுத்துபவரின் கை, சின்ன உறுப்புக்கும் கிடைக்கும் பார்வை, சும்மா கிடப்பதை வெளியே எடுக்கும் கட்டாயம், திறக்காமல் பார்க்கும் பக்குவம் ஆகியவற்றில் பூஜையின் தட்டு தாழ்கிறது. அளவு, பதிவு, பொறுப்பு, ஆபத்தின் வரிசை ஆகியவற்றில் பிஎம்மின் தட்டு தாழ்கிறது. ஒன்றிடமிருந்து மற்றொன்று கடன் வாங்கத் தடையும் இல்லை. நவமிக்கு முந்தைய வாரத்தில் ஒவ்வொரு வார்டும் தன்னிடமுள்ள எல்லாக் கருவிகளையும் தானே வெளியே எடுத்துத் துடைக்கட்டும். பிளக்கைப் பிடுங்கிப் பேட்டரியில் எத்தனை நிமிடம் ஓடுகிறது என்று பார்க்கட்டும். முறிந்த கேபிளையும் சத்தமிடும் பம்பையும் பட்டியலிட்டுப் பயோமெடிக்கல் பிரிவிடம் கொடுக்கட்டும். பொறியாளருக்கு அந்தப் பட்டியல் மூன்று மாத அட்டவணையைவிட அதிகம் சொல்லும். இதற்குக் கற்பூரம் வேண்டாம், விடுமுறையும் வேண்டாம். அந்த வாரத்தில் எல்லோர் மனமும் ஏற்கெனவே கருவிகளின் பக்கம் திரும்பியிருக்கிறது என்பது போதும்.

கடன் வாங்க முடியாத ஒரு வேறுபாடு மட்டும் மிஞ்சுகிறது. ஆயுத பூஜையில் தோற்ற கருவி கிடையாது. துருப்பிடித்த ரம்பத்துக்கும் பொட்டு உண்டு, கோணிய தராசுக்கும் உண்டு. நீ தகுதியற்றவன் என்று எந்தக் கருவியையும் பூஜை திருப்பி அனுப்புவதில்லை, அனுப்பவும் கூடாது. நன்றி சொல்லும் நாளில் தேர்வு வைப்பது முறையல்ல. பராமரிப்பு வாழ்வதோ தோல்விகளைக் கண்டுபிடிப்பதில். இந்த டிஃபிப்ரிலேட்டர் தேறவில்லை, இது வார்டுக்குத் திரும்பாது, இதைக் கழித்துவிடுங்கள் என்று எழுதும் அதிகாரம் இல்லாத சோதகரின் கையொப்பத்துக்கு மதிப்பில்லை. மருத்துவமனை நிர்வாகி ஒருவர் இந்த இரண்டையும் பிரித்தறிய விரும்பினால் எந்தக் கோட்பாடும் படிக்க வேண்டியதில்லை. கடந்த ஓராண்டின் பிஎம் படிவங்களைப் புரட்டி, எத்தனை கருவிகள் தேறவில்லை என்று எண்ணினால் போதும். ஒன்றுகூட இல்லை என்றால், அங்கே வருடம் முழுக்க நடந்துகொண்டிருப்பது ஆயுத பூஜைதான். அதுவும் பொரிகடலை இல்லாத பூஜை.